மில்லணை உடைந்த வருஷம்

வேப்பங்குளம் கண்மாயில் அந்த வருஷம் வலை இழுத்தபோது கரையேறியதெல்லாம் ஜிலேபிக் கெண்டைகள்தான். அதுவும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற அளவு. மாரிசெல்வி வலையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு முழங்கால் சேற்றில் நின்றபடி கரையைப் பார்த்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் மீன்கடை வைத்திருக்கும் பீர் மைதீன் அங்கே நின்றார். அவர் மீனைப் பார்க்கவில்லை. வண்டியைத் திருப்ப இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன பாய், பேசாம நிக்கிய?”

“என்னத்தம்மா பேச? இத நான் கடையில பரப்பி வச்சா, மீனு வாங்க வர்றவுக பூனைக்கு எம்புட்டுன்னு கேப்பாக.”

கேலியாகத்தான் சொன்னார். ஆனால் அதைக் கேட்டு, கரையில் கூடை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. வன்னியம்பட்டிப் பக்கத்துப் பெண்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து கண்மாயில் மீன் வளர்த்துப் பிடிக்கிற மீன்பாசிக் குத்தகையை எடுத்திருந்தார்கள். சேருவோம் சேருவோம் என்று வீடு வீடாகப் போய்ச் சேர்த்தவள் மாரிசெல்வி. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்துவிட்டு, தினமும் பஸ்ஸில் இடிபட்டு வந்து போக முடியாமல் நின்றவள். ஒரு காரியத்தை எடுத்தால் விடமாட்டாள். எடுத்த காரியம் சரியில்லை என்று தெரிந்தாலும் விடமாட்டாள். அவள் கணவன் சோலைச்சாமி அவளைப் பற்றிப் பெருமையாகவும் பயந்தும் சொல்லிக்கொள்வது இதைத்தான்.

“மீன்குஞ்சு வாங்கி விட்டோம். தீவனம் போட்டோம். என்னட்டி கொறை?” என்றாள் பாண்டிசெல்வி. குழுவில் அவள்தான் சத்தக்காரி. மாரிசெல்வியின் தெருதான், ஒரே வயசு. சண்டை போடுவதும் சமாதானமாவதும் இருவருக்கும் வாடிக்கை.

“தண்ணிதான் கொறை. பாதிக் கண்மாய்கூட நிறையலயே.”

“அதுக்கு யாரு என்ன செய்ய? மேல மில்லணை கெடக்கே.”

மில்லணை என்று அவர்கள் சொன்னது, நெல்லியாற்றின் குறுக்கே மலையடிவாரத்தில் நிற்கிற பழைய கல் அணை. அய்யனார் கோவில் மலைப்பக்கத்திலிருந்து இறங்கிவருகிற சின்ன ஆறு அது. எந்தக் காலத்திலோ ஒரு நூல் மில்லுக்குத் தண்ணீர் எடுப்பதற்காக, மில் முதலாளியே இரண்டு ஆள் உயரத்துக்குக் கட்டியது. மில்லை மூடிப் பல வருஷமாகிவிட்டது. கூரைத் தகரத்தைக்கூட யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மில் இல்லை என்கிற சேதி அணைக்கு மட்டும் தெரியவில்லை. அது பாட்டுக்குத் தண்ணீரை மறித்துக்கொண்டு நின்றது. மழை பெய்து முதல் வெள்ளம் வந்தால் அங்கேயே தங்கும். ஆறு உருட்டிக்கொண்டு வருகிற மணலும் அங்கேயே தங்கும். பிறகு வழிந்து வருகிற மிச்சம்தான் வரத்துக்கால் வழியாக வேப்பங்குளத்துக்கு வந்து சேரும். மீன் ஒன்றுகூட அந்தச் சுவரைத் தாண்டி மேலேயும் போனதில்லை, கீழேயும் வந்ததில்லை.

“அத இடிக்கச் சொல்லி எத்தனையோ மனுக் குடுத்தாச்சு. மில்லுக்காரவுக விடமாட்டாவ,” என்றாள் பாண்டிசெல்வி.

“விடமாட்டோம்னு அவிய சொன்னாவளா?”

பாண்டிசெல்வி யோசித்தாள். சுற்றியிருந்தவர்களும் யோசித்தார்கள். மில் குடும்பத்தார் அப்படிச் சொன்னதாக எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவர்கள் சொல்லிக் கேட்டவர் என்று அந்தக் கரையில் யாரும் இல்லை.

மறுநாளே மாரிசெல்வி பஸ் ஏறினாள்.

மில்லைக் கட்டியவரின் பேரன் நவநீதகிருஷ்ணன் செட்டியார்பட்டிப் பக்கத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனி நடத்திக்கொண்டிருந்தார். தறிச் சத்தத்தில் காது அடைத்தது. காற்றில் பஞ்சு பறந்தது. ஆபீஸ் அறையில் இருந்தவரின் தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருந்ததால் அறுபதைத் தாண்டியவர் போலத் தெரிந்தார். பேச ஆரம்பித்ததும் நாற்பத்தைந்துகூட இருக்காது என்று தோன்றியது. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். “ரண்டி, ரண்டி” என்று வாய் தவறி அழைத்துவிட்டு, “வாங்கம்மா, உட்காருங்க” என்று நாற்காலியைக் காட்டினார்.

வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்த பேச்சு மாரிசெல்விக்கு மறந்துபோயிற்று.

“ஐயா, கோவிச்சுக்கிடாதீய. ஒங்க தாத்தா கட்டுன அணைய ஒடைக்கணும்.”

அவர் அவளையே பார்த்தார். பிறகு போனை எடுத்து மனைவியிடம் தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்தார். மாரிசெல்விக்கு முகம் சுருங்கியது. எழுந்துவிடலாமா என்று பார்த்தாள்.

“தப்பா நெனைக்காதீங்கம்மா,” என்றார் அவர் போனை வைத்துவிட்டு. “லீவு நாள் வந்தா எங்க வீட்டுல பயம். எவனாவது அணை மேல இருந்து குதிச்சு மண்டைய ஒடச்சுக்கிடுவான். உடனே எனக்குத்தான் போன் வரும். போன பொங்கலுக்கு ரெண்டு பேருக்கு நானே பேண்டேஜ் குடுத்து விட்டேன். இத யாராவது வந்து இடிச்சுத் தொலைக்க மாட்டாங்களான்னு நானும் என் சம்சாரமும் பேசாத நாள் கிடையாது.”

“அப்ப ஏங்கய்யா வேண்டாம்னு சொன்னிய?”

“நான் எப்ப சொன்னேன்? எங்கிட்ட யார் கேட்டா?”

“தாத்தா கட்டுனதாச்சேன்னு நெனச்சோம்,” என்றாள் மாரிசெல்வி.

“தாத்தா மில்லுக்காகக் கட்டுனாரு. வேலை இல்லாம சும்மா நிக்கிறவங்களக் கண்டா அவருக்கு ஆகாது. உயிரோட இருந்தா அவரே கடப்பாறையத் தூக்கியிருப்பாரு.”

அவர் சம்மதம் கொடுத்த பிறகு காரியம் நகர ஆரம்பித்தது. நீர்வளத் துறையிலிருந்து ஆனந்தவல்லி என்கிற பொறியாளர் வந்தார். ஒல்லியான, வேகமாக நடக்கிற பெண். வெயிலில் தொப்பியோடு அணையை மேலும் கீழும் அளந்தார். அணைக்குப் பின்னால் தேங்கிக்கிடக்கிற சேற்றையும் மணலையும் குழாய் இறக்கிச் சோதித்தார். வேப்பங்குளத்தில் கூட்டம் போட்டு, திரை கட்டி, படங்கள் காட்டி விளக்கமும் சொன்னார். வண்டல் மேலாண்மை என்றார், நீரோட்ட இணைப்பு என்றார், இனப்பெருக்க வலசை என்றார். நல்ல பேச்சு என்று எல்லாரும் கைதட்டினார்கள். ஒருத்தருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொன்னால் அந்த அம்மா மனசு கஷ்டப்படுமே என்று யாரும் சொல்லவும் இல்லை. இதனால் பின்னால் ஒரு சங்கடம் வந்தது.

அதற்கு முன்னால் சாம்சன் வந்தார்.

அணையின் வலது கரையில் டீக்கடை வைத்திருந்தவர் அவர். டீ, பஜ்ஜி, நீந்தத் தெரியாதவர்களுக்கு வாடகை டியூப், நனைந்துவிட்டால் மாற்றிக்கொள்ளத் துண்டு எல்லாம் அவரிடம் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து கடை திறந்தாரென்றால் இருட்டும்வரை அடுப்பு அணையாது. அணையை உடைத்தால் குளிக்க வருகிறவர்கள் வரமாட்டார்கள்; அவர்கள் வராவிட்டால் கடை எதற்கு?

பங்குனி வெயிலில் ஆறு மெலிந்து கிடந்தபோது பொக்லைன் வந்தது. அணையின் மேல் சாம்சன் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். கூட ஒரு பத்துப் பதினைந்து பேர், ராஜபாளையத்திலிருந்து வாரம் தவறாமல் குளிக்க வருகிறவர்கள். “மக்கள் குளத்தைக் காப்போம்” என்று ஒரு துணி கட்டியிருந்தது. எல்லாருக்கும் டீ போய்க்கொண்டிருந்தது. போராட்டம் என்றாலும் டீக்குக் காசு உண்டு என்பதால் சாம்சனுக்கு அன்றைக்கு நல்ல வியாபாரம்.

மாரிசெல்வி ஏறிப் போனாள்.

“அண்ணாச்சி, எந்திரிங்க.”

“எந்திரிக்க மாட்டேன் தங்கச்சி. என்னையும் சேத்து அள்ளச் சொல்லு.”

“இதுல நாங்க பொழைக்க வேண்டாமா?”

“நான் பொழைக்க வேண்டாமா? ஒனக்கு மீனு. எனக்கு மனுசன். ரெண்டும் தண்ணிக்குத்தான் வருது.”

அவர் சொன்னதிலும் ஞாயம் இருந்தது. மாரிசெல்வி அவர் நீட்டிய டீயை வாங்கிக் குடித்துவிட்டு அவரோடு பாயிலேயே உட்கார்ந்துவிட்டாள். கீழே பொக்லைன்காரர் வேப்பமர நிழலில் கால் நீட்டிப் படுத்தார்.

ஆனந்தவல்லிதான் வழி சொன்னார். இன்றைக்கு முழுசாக உடைக்கப் போவதில்லை. மொத்தமாக உடைத்தால் சேறு எல்லாம் ஒரே மூச்சில் கீழே இறங்கி ஆற்றை மூடிவிடும். அதனால் இடது ஓரத்தில் ஒரு ஆள் அகலத்துக்கு மட்டும் வெட்டித் தேங்கிய தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வடிய விடுவோம். நீங்கள் வலது ஓரத்தில் உட்கார்ந்திருங்கள், அதனால் ஒன்றும் இல்லை என்றார். சாம்சன் யோசித்துப் பார்த்தார். தான் எழுந்திருக்க வேண்டியதில்லை என்பதால் சரி என்றார்.

வெட்டிய வாய் வழியாகத் தண்ணீர் வடிந்தது. ஒரு நாள், இரண்டு நாள். மூன்றாம் நாள் அடி தெரிய ஆரம்பித்ததும் நாற்றம் கிளம்பியது. கறுப்புச் சேறு. அதில் பிளாஸ்டிக் பாட்டில், உடைந்த கண்ணாடி, ஒற்றைச் செருப்புகள், கிழிந்த டியூப், ஷாம்பு பாக்கெட், யாரோ கழுத்தில் போட்டு வந்து தொலைத்த மக்கிப்போன மாலைகள், ஒரு இரும்புக் கட்டில். இத்தனை வருஷமாக அந்தத் தண்ணீரில்தான் முங்கி, வாய் கொப்பளித்து, குழந்தைகளையும் குளிப்பாட்டினோம் என்பது போராட்டக்காரர்களுக்குத் தெரிந்துபோயிற்று. ஒவ்வொருவராக மூக்கைப் பொத்திக்கொண்டு, வீட்டில் வேலை இருக்கிறது என்று கிளம்பினார்கள். கோஷம் எழுதிய துணியைக்கூட யாரும் அவிழ்த்து எடுத்துப் போகவில்லை.

சாம்சன் மட்டும் நகரவில்லை. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரை வழியாக இறங்கினார். இடுப்புவரை சேற்றில் அமிழ்ந்து நடந்து, ஒரு கம்பியைப் பிடித்து இழுத்தார். அது கம்பி இல்லை, ஹேண்டில்பார். பின்னாலேயே ஒரு மொபெட் எழுந்து வந்தது. சாம்சன் நம்பர் பிளேட்டைக் கையால் வழித்துத் துடைத்தார். துடைத்துவிட்டு அப்படியே நின்றார்.

“என்ன அண்ணாச்சி?” என்று மேலிருந்து கேட்டாள் மாரிசெல்வி.

“இது என் வண்டி தங்கச்சி.”

விஷயம் இதுதான். சாம்சனின் மச்சினன் எட்வின், சாம்சன் மனைவி கிருபாபாயின் தம்பி, ராஜபாளையத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறான். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு அவசரத்துக்கு இந்த மொபெட்டை வாங்கிப் போனான். மறுநாள் மழையில் கொண்டுவந்து டீக்கடை ஓரத்தில் நிறுத்திவிட்டுப் போனேன் என்றான். வண்டி அங்கே இல்லை. நீ விற்றுவிட்டாய் என்றார் சாம்சன். இல்லை என்றான் எட்வின். பேச்சு முற்றி, அன்றோடு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது. கிருபாபாய் தம்பி மகளின் சடங்குக்குக்கூடப் போகவில்லை. கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் மாற்றிக்கொள்வதும் இல்லை. நடந்ததோ, அன்று பெய்த மழையில் ஆறு திடீரென்று ஏறி, கரையில் நின்ற வண்டியைச் சுருட்டி அணைக்குள் போட்டுக்கொண்டு விட்டது.

சாம்சன் கரையேறினார். கை கால் கழுவவில்லை. “கடையச் செத்த நேரம் பாத்துக்கோ” என்று மாரிசெல்வியிடம் சொல்லிவிட்டு, சேறும் நாற்றமுமாக அப்படியே பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார். பஸ்ஸில் ஏற்றவில்லையாம். ஒரு சரக்கு ஆட்டோவின் பின்னால் நின்றுகொண்டு போய், செல்போன் கடை வாசலில் இறங்கினாராம். அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியாது. சாயங்காலம் இருவரும் ஒன்றாக வந்தார்கள். எட்வின் மொபெட்டைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான்.

“பெட்ரோல் ரொப்பித்தான் நிப்பாட்டினேன் அத்தான். அன்னிக்கே சொன்னேன்லா.”

“சொன்னே மாப்ளே. நான்தான் கேக்கல.”

“பரவால்ல, விடுங்க. டீயாவது போடுங்க.”

டீ போட்டது மாரிசெல்வி. அன்றைக்கு அந்தக் கடையில் விற்ற பஜ்ஜியெல்லாம் அவள் போட்டதுதான், கொஞ்சம் கருகல். யாரும் குறை சொல்லவில்லை. மறுநாள் சாம்சன் பாயைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டார்.

“ஒடைங்கம்மா,” என்றார் ஆனந்தவல்லியிடம். “இன்னும் உள்ள என்னென்ன வச்சிருக்கோ அந்தப் பாழாப்போன செவரு.”

சேற்றையும் குப்பையையும் லாரியில் அள்ளினார்கள். அணையை மேலிருந்து ஒவ்வொரு அடுக்காகப் பெயர்த்தார்கள். சுண்ணாம்பும் கருங்கல்லுமாகக் கட்டியது லேசில் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு நாள் நவநீதகிருஷ்ணன் மனைவியோடு வந்து நின்று பார்த்தார். தாத்தா பெயர் வெட்டிய கல்லை அவருக்கென்று எடுத்து வைத்திருந்தார்கள். அவர் அதைத் தூக்க முயன்று முடியாமல், பிறகு ஆளை அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். வெயில் தணிவதற்குள் அணை இருந்த இடத்தில் ஆறு ஆறாகவே தெரிந்தது. இரண்டு கரையிலும் கல் முனைகள் மட்டும் பல்லுப் போன ஈறு மாதிரி நின்றன.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மலைமேல் இடி இடித்த அன்று மத்தியானமே நெல்லியாறு செம்மண் நிறத்தில் இறங்கி வந்தது. வழியில் நிற்காமல், வரத்துக்கால் நிறைய, நேராக வேப்பங்குளத்துக்குள் விழுந்தது. பெண்கள் குடையும் தலையில் கவிழ்த்த சாக்குக் கொங்காணியுமாகக் கரையில் நின்று பார்த்தார்கள். பாண்டிசெல்வி குலவையே போட்டாள். மாரிசெல்வியைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அதே பாண்டிசெல்வி மாரிசெல்வியின் வீட்டு வாசலில் வந்து நின்று கத்தினாள்.

“ஏட்டி, வெளிய வா. நம்ம மீனு எல்லாம் ஓடுதுட்டி.”

ஓடிப்போய்ப் பார்த்தால் உண்மைதான். கண்மாயில் தண்ணீர் விழுகிற வாயில் மீன்கள் கூட்டமாக நின்று, வருகிற வெள்ளத்தை எதிர்த்து ஏறிக்கொண்டிருந்தன. கோடையிலும் வற்றாத மடைப்பள்ளத்தில் பிழைத்துக் கிடந்த வெண்கெண்டையும் கெளுத்தியும் ஆரலும்தான் அவை. மழைக்குப் பிறகு பெருகும் என்று குழு நம்பியிருந்த நல்ல மீன்கள். துள்ளித் துள்ளி, வரத்துக்கால் வழியாக, ஆற்றைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தன. ஜிலேபிகள் மட்டும் எங்கும் போகாமல் சுகமாகக் கண்மாயிலேயே நின்றன.

“முன்னால அணை இருந்துச்சு. எங்க போனாலும் அங்கன முட்டிக்கிட்டுத் திரும்பி வரும். நீ கதவத் தொறந்து விட்டுட்டே,” என்றாள் பாண்டிசெல்வி. “தண்ணி வந்துச்சு. மீனு போச்சு. இனிமே தண்ணியப் புடிச்சு விக்கணும்.”

மற்றவர்களும் முணுமுணுத்தார்கள். மாரிசெல்வி ஆற்றுக்கரையோடு மேலே நடந்தாள். நடக்க நடக்க, அங்கங்கே ஆட்கள் வலையும் கொசுவலைத் துணியுமாக ஆற்றில் இறங்கியிருந்தார்கள். எதிரேறி வருகிற மீனைப் பிடிப்பதற்கு வித்தையே வேண்டியதில்லை. துணியை விரித்தால் போதும், அதுவாக வந்து விழுந்தது. அணை இருந்த இடத்தில் கூட்டம் இன்னும் அதிகம். சாம்சன் கடையில் அன்றைக்கு மீன் வறுவல்.

“வா தங்கச்சி. பாத்தியா, மீனும் வருது, மனுசனும் வாரான்,” என்றார் சாம்சன் சந்தோஷமாக.

அவர் பக்கத்தில் கிருபாபாய் அருவாமணையில் ஒரு பெரிய வெண்கெண்டையின் வயிற்றைக் கீறிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து மஞ்சளாகச் சினை பிதுங்கியது. அடுத்த மீனை எடுத்தாள், அதிலும் சினை. அதற்கடுத்ததிலும்.

“அம்புட்டும் சினையாவே இருக்கு,” என்றாள் கிருபாபாய் சாதாரணமாக.

மாரிசெல்வி அந்த மஞ்சள் சினையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஆனந்தவல்லி திரைகட்டிச் சொன்ன அந்த நீளமான வார்த்தை அவள் ஞாபகத்துக்கு வந்தது. உடனே போன் போட்டாள்.

“மேடம், அன்னிக்கி வலசைன்னு என்னமோ சொன்னியள்ள. அது மீனு முட்டை போடப் போறதா?”

“ஆமாம்மா. வெள்ளத்துல எதிரேறி மேல போயி, மணலும் கூழாங்கல்லும் உள்ள இடத்துல முட்டை போடும். குஞ்சு பொரிச்சதும் அது எல்லாம் தண்ணியோட கீழ கண்மாய்க்கு வந்துடும். பெரிய மீனும் திரும்பும். அதுதானே நான் படம் போட்டு விளக்கினேன்?”

“விளக்குனிய மேடம். எங்களுக்குத்தான் இப்பம் விளங்குது.”

அவள் வேப்பங்குளத்துக்குத் திரும்பி ஓடினாள். பெண்கள் இன்னும் அங்கேயேதான் நின்று அவளை ஏசிக்கொண்டிருந்தார்கள். மூச்சு வாங்க வந்து நின்றவள் சொன்னாள்:

“ஏட்டி, அதுக ஓடிப்போகல. பிரசவத்துக்கு ஆத்தா வீட்டுக்குப் போகுதுக.”

அவர்களில் ஒருத்தி, ஐந்து பிள்ளை பெற்றவள், “அப்படியா சேதி,” என்றாள். அவ்வளவுதான், அதற்குமேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அந்தக் கூட்டத்தில் தாய்வீட்டுக்குப் போய்ப் பிள்ளை பெறாதவர் யார்?

“அப்பம் வழியில மறிச்சுப் புடிக்கிற பயலுவள என்ன செய்ய?” என்றாள் பாண்டிசெல்வி. அவள் கோபம் அந்த நொடியில் ஆள் மாறிவிட்டது.

மழைத் தூறலில் அத்தனை பேரும் கிளம்பினார்கள். அணை இருந்த இடத்துக்கு வந்து, ஆற்றில் நின்றவர்களைப் பார்த்துக் கரையில் வரிசையாக நின்றார்கள். செட்டியார்பட்டியிலிருந்தும் ராஜபாளையத்திலிருந்தும் வந்திருந்த இளவட்டங்கள் அவர்கள்.

“ஆத்துத் தண்ணி பொதுத் தண்ணி,” என்றான் ஒருத்தன், சண்டைக்குத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து.

“பொதுதான் தம்பி. மீனும் பொதுதான். யாரு இல்லன்னா?” என்றாள் மாரிசெல்வி. “ஒண்ணு மட்டும் கேக்கேன். ஒன் பொண்டாட்டி மாசமா இருக்கா. ஆத்தா வீட்டுக்கு பஸ்ஸுல போறா. நடுவழியில நாலு பேரு பஸ்ஸ மறிச்சு அவளத் தூக்கிட்டுப் போனா நீ சும்மா இருப்பியா?”

எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்பியது. கேட்டவளுக்குத் தெரியாது, கௌதம்ராஜ் என்கிற அந்தப் பையனின் மனைவி போன வாரம்தான் வளைகாப்பு முடிந்து பஸ் ஏறியிருந்தாள். கூட நின்றவர்கள் அவனை விடவில்லை. “ஏலே, ஒன் சம்சாரம் போய்ச் சேந்துட்டாளான்னு போனப் போட்டுக் கேளுலே” என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அவன் முகம் சிவந்து, வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு முதல் ஆளாகக் கரையேறினான். மற்றவர்களும் சிரித்துக்கொண்டே பின்னால் வந்தார்கள். “பிள்ளை குட்டியோட இறங்கி வரட்டும். பொறவு நீங்களும் வாங்க, சேந்து புடிப்போம்,” என்று மாரிசெல்வி அவர்களிடம் சொன்னாள். சாம்சன் அடுப்பிலிருந்த வறுவலைக் கடைசி முறையாக எடுத்துக் கொடுத்துவிட்டு, வழக்கம்போல் பஜ்ஜிக்கு மாவு கரைத்தார். அந்த மழைக்காலம் முழுக்க, வலையோடு யாராவது வந்தால் மீனின் பிரசவக் கதையைச் சொல்லித் திருப்பி அனுப்புவது அவர் வேலையாயிற்று. கதை கேட்க வந்தவர்களும் டீ குடித்தார்கள்.

மார்கழியில் ஆறு தெளிந்தது. அணைக்குப் பின்னால் அடைபட்டுக் கிடந்த மணல் எல்லாம் வெள்ளத்தோடு இறங்கி, வரத்துக்கால் வாயில் வெள்ளையாகப் பரவிக் கிடந்தது. முன்பு அங்கே கால் வைத்தால் கருப்புக் களிமண் கணுக்கால்வரை இழுக்கும். பாண்டிசெல்வி ஒரு நாள் அந்த மணலில் நின்று துணி அலசினாள். காலை ஏதோ குறுகுறுவென்று கடித்தது. சேலைத் தலைப்பை விரித்து ஒரு வாரு வாரினாள். ஊசி ஊசியாய் மீன்குஞ்சுகள், கணக்கில்லாமல். அவற்றுக்கு நடுவே விரல் நீளத்தில், உடம்பெல்லாம் புள்ளியாய், வழுக்கிக்கொண்டு நெளிகிற சில மீன்கள். அவள் துணியை அப்படியே போட்டுவிட்டு, தலைப்பில் தண்ணீர் சொட்டச் சொட்டத் தெருவுக்குள் ஓடி வந்தாள்.

“மாரி, இது அயிரைதான?”

அயிரைதான். மணல் உள்ள இடத்தில் மட்டும் வாழ்கிற, நல்ல விலை போகிற மீன். வேப்பங்குளத்தில் அதைப் பார்த்து எத்தனையோ காலமாகியிருந்தது. சேதி கேட்டு பீர் மைதீன் தன் மனைவி ஹாஜராவையும் வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிவந்தார். ஒரு சொம்புத் தண்ணீரில் நீந்திய நாலு அயிரையை ஹாஜரா வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். இப்போதே பிடித்துவிடாதீர்கள், பெருகட்டும் என்று சொல்லிவிட்டு, மனசே இல்லாமல் மறுபடி தண்ணீரில் விட்டாள்.

சித்திரை பிறந்த பிறகு, கண்மாய் வடிந்து இடுப்பளவுக்கு வந்ததும், மீன்பிடிக்கு நாள் குறித்தார்கள். ஒரு பாதி குழுவுக்கு, மறுபாதி வருகிறவர்கள் எல்லாருக்கும் என்று மாரிசெல்வி சொல்லிவிட்டாள். விடிவதற்குள் கரையெல்லாம் சனம். கச்சா வலை, ஊத்தாக் கூடை, வேட்டி என்று கிடைத்ததோடு இறங்கினார்கள். கெண்டை, கெளுத்தி, விரால் என்று துள்ளியது. சேற்றுக்குள் கை விட்டால் ஆரல் வழுக்கியது. நவநீதகிருஷ்ணன் கரையில் நின்று பார்ப்பதாகத்தான் வந்தார். செருப்பைக் கழற்றினார். வேட்டியை மடித்தார். பிறகு பார்த்தால் கழுத்துவரை சேறோடு, கையிலிருந்து நழுவுகிற ஒரு விராலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி கரையிலிருந்து தெலுங்கில் யோசனை சொல்லிக்கொண்டிருந்தாள். விரால் போய்விட்டது. அவர் அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

கௌதம்ராஜ் மனைவியோடும் கைக்குழந்தையோடும் வந்திருந்தான். பெண்கள் மீனை விட்டுவிட்டுக் குழந்தையை வாங்கி ஆளுக்கொருதரம் கொஞ்சினார்கள்; அவர்கள் கைச் சேறு பட்டுக் குழந்தை பாதி கறுப்பானது. மணல் வாயில் அயிரை பிடிப்பதைப் பாண்டிசெல்வி யாரிடமும் விடவில்லை. தானே நின்று, சின்னக் கண் வலையில் அரித்து, பாதியை எடுத்துக்கொண்டு பாதியைத் தண்ணீரிலேயே திரும்ப விட்டாள். பீர் மைதீன் உயிர் அயிரையைப் பானை பானையாகத் தண்ணீரோடு வண்டியில் ஏற்றும்போது, மெதுவா மெதுவா என்று யாரையும் அதட்டாமல் கெஞ்சினார்.

மத்தியானம் கரையிலேயே அடுப்பு மூட்டினார்கள். கிருபாபாயும் ஹாஜராவும் சேர்ந்து குழம்பு வைத்தார்கள். புளி கூடுதலா குறைவா என்று இருவருக்கும் ஒரு வாக்குவாதம் வந்து, இரண்டு சட்டியில் இரண்டு விதமாக வைப்பது என்று முடிந்தது. சோலைச்சாமி இரண்டிலும் சாப்பிட்டுவிட்டு இரண்டும் நன்றாக இருக்கிறது என்று சொல்லி, இரண்டு பேரிடமும் பேச்சு வாங்கினான்.

மாரிசெல்வி கை கழுவிக்கொண்டு இலைக்கு முன்னால் அப்போதுதான் உட்கார்ந்தாள். ஒரு வயசான ஆளும் இரண்டு பெண்களும் தயங்கித் தயங்கி வந்து நின்றார்கள். தெற்கே, இரண்டு ஊர் தள்ளி இருக்கிற கிராமம் என்றார்கள்.

“நீங்கதான மாரிசெல்வி?”

“ஆமா. என்ன வேணும்?”

“எங்க ஓடையிலயும் பழைய அணை ஒண்ணு குறுக்க கெடக்கு தாயி. ஒண்ணுத்துக்கும் ஆகாம. சொந்தக்காரவுக விடமாட்டாவ போல.”

மாரிசெல்வி குழம்பைச் சோற்றில் பிசைந்துகொண்டே அவர்களை நிமிர்ந்து பார்த்தாள்.

“மொதல்ல உக்காருங்க, சாப்புடுங்க,” என்றாள். “நாளைக்கி வாரேன். போயிக் கேட்டுப் பாப்போம்.”